பத்தரை மணிச் சாப்பாடு

எங்கள் மாமா சாப்பிடுவதைப் பார்க்க ஒரு காலத்தில் கூட்டம் கூடும். சத்தியமாகச் சொல்கிறேன். கட்டட வேலை நடக்கும் இடத்தில் பன்னிரண்டரை மணிக்குச் சைரன் ஊதியதும், அறுபது மீட்டர் உயரத்திலிருந்து கிரேன் ஏணி வழியாக ஒரு பெரிய உடம்பு இறங்கி வரும். கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தால் சரியாக ஏழு நிமிஷம். நாலு அடுக்கு டப்பாவும் காலி. அப்புறம் பக்கத்தில் இருப்பவனின் டப்பாவை ஒரு பார்வை பார்ப்பார். அவன் பேசாமல் அதை நகர்த்தி வைத்துவிடுவான். கொத்தனார்கள் அவருக்கு வைத்த பெயர் அண்டா. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவரும் ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பிப் பார்ப்பார்.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். அவர் டவர் கிரேன் ஓட்டுபவர். நான் அவருக்குச் சிக்னல்காரன். கீழே பாரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கையாலும் வாக்கி-டாக்கியிலும் ஏற்று, இறக்கு, இடது பக்கம், மெதுவாக, நிறுத்து என்று சொல்வது என் வேலை. வீட்டில் என் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. என் பெண்டாட்டி போட்டுக்கொள்வதில்லை, பிள்ளைகள் போட்டுக்கொள்வதில்லை. ஐந்து டன் இரும்பு மட்டும் நான் சொன்னபடி கேட்கும். பதினான்கு வருஷமாக அந்தத் திருப்தியில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

கிரேன்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. காலையில் ஏறினால் மதியம் வரை வாயில் ஒன்றும் போட மாட்டார்கள். மேலே கழிவறை கிடையாது. நடுவில் ஒருமுறை இறங்கி ஏறினால் முக்கால் மணி நேரம் போய்விடும், அதுவரை கீழே நூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் காலையில் அரை டம்ளர் தண்ணீரோடு ஏறுவதும், மதியம் இறங்கி அத்தனை பசியையும் ஒரே மூச்சில் தீர்ப்பதும் வழக்கமாகிவிட்டது. இதில் வீம்பும் கொஞ்சம் உண்டு. நடுவில் இறங்குகிறவனைப் பால்குடி என்று கேலி செய்வார்கள். மாமா பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட நடுவில் இறங்கியதில்லை. இந்தக் கதையை அவர் சொல்லிக் காட்டாத ஆள் எங்கள் சைட்டில் இல்லை.

அந்த மனுஷனுக்கு ஐம்பத்தோராவது வயதில் நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. டப்பாவைத் திறப்பார், கொஞ்சம் கிளறுவார், மீதியைப் பக்கத்து ஆளிடம் தள்ளுவார். அண்டா அடுத்தவனுக்குச் சோறு போடுகிறது என்று நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. பேன்ட் இடுப்பில் நிற்காமல் அவர் கயிறு கட்டிக்கொண்டு வந்த அன்றைக்குத்தான் அக்கா அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புற்றுநோய். ஒரு மூலையில் இல்லை, பரவலாக. முழு இரைப்பையையும் எடுத்துவிட வேண்டும் என்று சர்ஜன் அம்மா குண்டைத் தூக்கிப் போட்டார்.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. மாமாவுக்கு இனி அதற்கும் வழியில்லை என்று அந்த நேரத்திலும் ஒரு பாழாய்ப்போன நினைப்பு வந்தது. சர்ஜன் அம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். உணவுக்குழாயை நேரே சிறுகுடலோடு இணைப்பார்களாம்.

மாமா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் சாப்பிடறது எங்க போய்த் தங்கும்?"

"எங்கயும் தங்காது. நேரா குடலுக்குப் போயிடும். அதனாலதான் கொஞ்சம் கொஞ்சமா, மெதுவா அனுப்பணும்."

"சரி. நான் எப்ப மேல ஏறலாம்?"

"மேலயா?"

"கிரேன்ல, டாக்டர்."

சர்ஜன் அம்மா பேனாவை மூடி வைத்தார். "முதல்ல சாப்பிடக் கத்துக்கோங்க. ஏறறதைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

ஐம்பது வருஷமாக அடுத்தவன் டப்பாவையும் சேர்த்துச் சாப்பிட்ட ஆளைப் பார்த்துச் சாப்பிடக் கற்றுக்கொள் என்றால் எப்படி இருக்கும்? 

கம்பெனி ஒன்றரை வருஷம் அவருடைய இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னது. அதற்குள் கம்பெனி டாக்டர் சரி என்று எழுத வேண்டும். அதன் பிறகு அரை நாள் கிரேன் ஓட்டிக் காட்ட வேண்டும். இரண்டில் எது தவறினாலும் கீழே ஸ்டோர் ரூமில் உட்கார வேண்டியதுதான். சம்பளத்தைக் குறைக்க மாட்டார்கள், மரியாதையையும் குறைக்க மாட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொண்டிருப்பார்கள். மாமாவுக்கு மட்டும் அது தூக்குத் தண்டனை மாதிரி. "நட்டும் போல்ட்டும் எண்ணறதுக்கா மச்சான் என்னை வெட்டித் தைக்கப் போறாங்க?" என்று ஆபரேஷன் அறைக்குள் போகிறபோதும் என்னிடம் கேட்டார். அவருக்கு அந்தக் கண்ணாடிக் கேபின் வேண்டும். காற்றில் லேசாக ஆடும் அந்த நாற்காலி வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முன்னும் பின்னும் கீமோ மருந்து ஏற்றினார்கள். தொண்ணூற்றியொரு கிலோ ஆள் அறுபதுக்கு வந்து நின்றார். வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான சண்டை ஆரம்பித்தது.

அக்காவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவள் பேருந்து நிலையத்தில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதுவதும், கிளம்பாமல் நிற்கும் டிரைவர்களை விரட்டுவதும் அவள் வேலை. ஆறடி உயர டிரைவர்கள்கூட அவள் விசிலுக்குப் பாதி டீயை வைத்துவிட்டு ஓடுவார்கள். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் சொன்னதையெல்லாம் அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்து, சமையலறைச் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டினாள். ஒரு நாளைக்கு எட்டு நடை. காலை ஆறரைக்கு முதல் வண்டி, இரவு எட்டரைக்குக் கடைசி வண்டி. இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. என்ன ஏற்றினோம், எத்தனை நிமிஷம் ஆனது, வழியில் தகராறு உண்டா என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தாள்.

"பசிக்கலையே" என்றார் மாமா, முதல் நாளே. அது பொய்யில்லை. இரைப்பை போனதோடு பசி என்பதே அவருக்குப் போய்விட்டிருந்தது. பொதுவாக அப்படித்தான் ஆகும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

"பசிக்குதான்னு உங்களை யாராவது கேட்டாங்களா?" என்றாள் அக்கா. "பயணி இல்லைன்னா வண்டியை நிறுத்திடுவோமா? மணி எட்டரை. வாயைத் திறங்க."

"ஒரு பத்து நிமிஷம் கழிச்சு..."

"லேட் போட்டுடுவேன்."

அவித்த முட்டையில் பாதி. அதைச் சாப்பிட அவருக்கு அரை மணி நேரம் ஆனது. வாயில் வைத்த ஒவ்வொன்றையும் இருபத்தைந்து தடவை மெல்ல வேண்டும். முன்பெல்லாம் வயிறு செய்த அரைவை வேலையை இனிப் பல்தான் செய்ய வேண்டும். மாமாவுக்கு மெல்லுவது என்றால் என்னவென்றே தெரியாது. எல்லாம் அப்படியே உள்ளே போய்த்தான் பழக்கம். ஐந்தாவது மெல்லிலேயே பழக்க தோஷத்தில் விழுங்கிவிடுவார். நெஞ்சுக்குழியில் போய் நின்றுகொண்டு வலிக்கும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. முன்னே அரை மணி, பின்னே அரை மணி இடைவெளி வேண்டும். இனிப்பு அறவே ஆகாது. முட்டை, மீன், பருப்பு, தயிர் மாதிரி சத்துள்ளதை முதலில், சோறு கடைசியில், அதுவும் ரெண்டு கரண்டி. மாசாமாசம் ஒரு வைட்டமின் ஊசி, வாழ்நாள் முழுக்க.

மூன்றாவது வாரம் ஒரு நாள் தட்டைச் சுவரில் வீசினார். பருப்பு தாளின் மேலேயே வழிந்தது. அக்கா எழுந்தாள். துணியை நனைத்து அந்தத் தாளை மட்டும் துடைத்தாள், வேறு தட்டில் இன்னொரு தடவை போட்டுக்கொண்டு வந்தாள், தகராறு என்ற கட்டத்தில் "ஆம்" என்று எழுதினாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அந்த வீட்டில் எல்லாருக்கும் கேட்டது. மாமா தலையைக் குனிந்துகொண்டு இருபத்தைந்து வரை எண்ணி மென்றுகொண்டிருந்தார்.

கொஞ்சம் கொஞ்சமாக வண்டிகள் ஓட ஆரம்பித்தன. எட்டாவது மாசம் அறுபத்து மூன்று கிலோ. முகத்தில் கொஞ்சம் சதை. அப்போதுதான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன்.

சைட்டில் ஐந்தாவது தளம் போட்டு முடித்ததற்கு ஒரு விருந்து. மாமாவை அழைத்து வரச் சொல்லி எல்லாரும் நச்சரித்தார்கள். அக்கா வேலையில் இருந்தாள். நான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அவரைப் பார்த்ததும் ஒரே ஆரவாரம். ஒருவன் தட்டில் சோற்றை மலையாகக் குவித்தான். இன்னொருவன், "அண்டா வந்துட்டாரு, நம்ம டப்பாவை ஒளிச்சு வைங்கடா!" என்றான். மாமா என்னைப் பார்த்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? தட்டைப் பிடுங்கியிருக்க வேண்டும். நானோ ஒரு டம்ளர் நிறைய இனிப்பு ஜூஸை ஊற்றி அவர் கையில் கொடுத்தேன். "ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது மாமா" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

அவர் சாப்பிட்டார். பழைய மாதிரியே, கிரேன்காரர் மாதிரி, ஏழு நிமிஷத்தில். கைதட்டல் கிடைத்தது. கால் மணி நேரத்தில் முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு படபடவென்று அடிப்பது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. எழுந்து நாலடி நடந்தார். ஸ்டோர் ரூம் வாசலில் அப்படியே மடங்கி விழுந்தார். அந்த நேரம் பார்த்து ஸ்டோர் ரூமிலிருந்து வெளியே வந்தவர் சைட் இன்ஜினியர்.

ஒரு மணி நேரம் படுத்திருந்த பிறகு மாமாவுக்குச் சரியாகிவிட்டது. மெதுவாகப் போக வேண்டியது குடலுக்குள் ஒரேயடியாகப் பாய்ந்தால் அப்படித்தான் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவர் எழுந்துவிட்டார், ஆனால் இன்ஜினியர் சொன்ன வார்த்தை அங்கேயே கிடந்தது. "இந்த மனுஷனையா நான் மறுபடி மேல ஏத்தணும்? கீழ தரையில நிக்கவே முடியல."

அக்கா என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. எட்டாவது நாள் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிற அளவுக்குப் பேசினாள்.

ஆனால் அன்றைக்கு விழுந்ததில் மாமாவுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. அதுவரை அக்காவுக்குப் பயந்து சாப்பிட்டவர், இப்போது தனக்காகச் சாப்பிட ஆரம்பித்தார். யாரும் விசில் ஊத வேண்டியிருக்கவில்லை. தாளில் அவரே எழுதினார். எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறது, எது நெஞ்சில் நிற்கிறது, எதற்கு வேர்க்கிறது என்று ஒரு நோட்டுப் போட்டார். கிரேனில் ஒவ்வொரு பாரத்துக்கும் எடை பார்த்துத் தூக்கியவர் இல்லையா, அதே கண்ணோடு கரண்டியைப் பார்த்தார். வெள்ளை மீன் நல்லது. தயிர் நல்லது. பொரித்தது ஆகாது. ஒரு நாள் வேகவைத்த உருளைக்கிழங்கை மென்றுகொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தினார்.

"என்னங்க, நிக்குதா?" அக்கா பதறினாள்.

"இல்ல. இதுக்கு இவ்வளவு ருசி இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது. ஐம்பது வருஷமா நான் இதைச் சாப்பிட்டதே இல்ல போலிருக்கு. சும்மா உள்ள தள்ளியிருக்கேன்."

அவர்கள் குடியிருந்த கட்டடம் பன்னிரண்டு மாடி. லிஃப்டை விட்டுவிட்டு இடுப்பில் சின்ன டப்பாவைக் கட்டிக்கொண்டு படியேறப் பழகினார். முதலில் நாலாவது மாடி, அங்கே உட்கார்ந்து ஒரு நடைச் சாப்பாடு, பிறகு இறக்கம். அடுத்த மாசம் எட்டாவது மாடி. மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்ட அன்றைக்கு எனக்கு அங்கிருந்தே போன் செய்தார். "மச்சான், இங்கேர்ந்து நம்ம கிரேன் தெரியுது" என்றார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. போனில் டவர் சரியில்லை என்று சொல்லி நான் வைத்துவிட்டேன்.

பதினாறாவது மாசம் அறுபத்தெட்டு கிலோ. எட்டு மாசமாக ஒரு தடவைகூட மயக்கமோ வேர்வையோ இல்லை என்பதற்கு நோட்டுச் சாட்சி. கம்பெனி டாக்டர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். ரத்தம் பார்த்தார், ஓட வைத்தார், கண்ணைக் கட்டி ஒற்றைக் காலில் நிற்க வைத்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். ஒரு வரியும் சேர்த்தார்: வேலை நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிட வேண்டும்.

மிச்சம் அந்த அரை நாள்தான்.

முந்தின நாள் சாயங்காலம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா வெளியே துணி எடுக்கப் போன நேரம் பார்த்து மாமாவிடம் மெதுவாகச் சொன்னேன். "மாமா, நாளைக்கு இன்ஜினியர் முழு நேரமும் நிப்பாரு. தூண்ல கான்கிரீட் போடற வேலை. லாரிங்க வரிசையா நிக்கும். நடுவுல நிறுத்தினா அவருக்குச் சாக்கு கிடைச்ச மாதிரி ஆயிடும். பத்தரை மணி வண்டியை மட்டும் நாளைக்கு ஒரு நாள் தள்ளிப் போடுங்க. பன்னிரண்டரைக்கு இறங்கினதும் சாப்பிட்டுக்கலாம். உங்களுக்குத்தான் பசியே இல்லையே."

எட்டு மாசத்துக்கு முன்னால் ஜூஸ் கொடுத்த அதே வாய். மாமா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நோட்டை எடுத்து அன்றைக்குச் சாப்பிட்டதை எழுத ஆரம்பித்தார். நான் சொன்னதை ஏற்றுக்கொண்டார் என்று நினைத்து நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் எட்டரைச் சாப்பாட்டைச் சைட் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார். அரை மணி பொறுத்துக் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். ஒன்பது இருபதுக்கு ஏணியில் கால் வைத்தார். இன்ஜினியர் கையில் கடிகாரம், பக்கத்தில் சைட் பாதுகாப்பைப் பார்க்கும் சேஃப்டி மேடம் கையில் ஒரு ஃபாரம். முடிவு எழுத வேண்டியது அந்த அம்மாதான், ஆனால் இன்ஜினியர் சொல்லைத் தாண்டி எழுதுவாரா என்பது எனக்குச் சந்தேகம். மாமா இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். கேபின் கதவு சாத்துகிற சத்தம் வாக்கியில் கேட்டது. அப்புறம் அந்தக் குரல்.

"மச்சான், சொல்லு."

 ஒருவழியாக "ஏத்துங்க மாமா" என்றேன்.

பதினாறு மாசம் கிரேனைத் தொடாத கை என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு டன் கான்கிரீட் பக்கெட்டை அவர் தூக்கினால் ஒரு துளி சிந்தாது. பதினோராவது தளத்துத் தூணுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினால் ஆடாது. இரண்டு லாரி காலியானது. கொத்தனார்கள் மேலிருந்து கட்டைவிரலைக் காட்டினார்கள். இன்ஜினியரே ஒருமுறை "பரவாயில்ல" என்றார். மூன்றாவது லாரி பின்னால் வந்து நின்றது. பக்கெட்டை நிரப்பினோம். மணி பத்து இருபத்தெட்டு. பக்கெட்டின் கொக்கியை நானே சரிபார்த்துவிட்டு, ஏற்றச் சொல்ல வாக்கியை வாயருகே கொண்டு போனேன்.

"மச்சான், பக்கெட் தரையிலேயே இருக்கட்டும். சாப்பாட்டு நேரம். இருபது நிமிஷம் கிரேன் நிக்கும்."

சைட் முழுக்க எல்லா வாக்கியிலும் அது கேட்டது. இன்ஜினியர் என் கையிலிருந்து வாக்கியைப் பிடுங்கினார்.

"என்ன விளையாடறீங்களா? லாரி நிக்குது! இதை ஏத்திட்டு அப்புறம் தின்னுங்க!"

"இல்ல சார். இதை ஏத்தினா அடுத்ததையும் ஏத்தச் சொல்வீங்க."

இன்ஜினியர் முகம் சிவந்தது. என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுய்யா. தூக்கச் சொல்லி சிக்னல் குடு. நீ குடுத்தா தூக்கித்தானே ஆகணும்?"

உண்மைதான். தூக்கு என்று இந்தக் கிரேனுக்குச் சொல்கிற உரிமை எனக்கு மட்டும்தான். ஆனால் நிறுத்து என்ற சிக்னலை யார் கொடுத்தாலும் நிறுத்தியே ஆக வேண்டும், கொடுத்தவன் எடுக்கும் வரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. நான் ஒரு வினாடி ஸ்டோர் ரூம் வாசலைப் பார்த்தேன். அவர் மடங்கி விழுந்த இடம். பிறகு கேபினைப் பார்த்து, இரண்டு கைகளையும் அகல நீட்டி, நிறுத்து என்று காட்டினேன். அப்படியே நீட்டிக்கொண்டே நின்றேன். 

"உனக்கும் கொழுப்பா?" என்றார் இன்ஜினியர்.

அந்த நேரத்தில் வாக்கியில் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. கரக், கரக், கரக் என்று சீராக. எங்களுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் விளங்கியது. மாமா டப்பாவை மடியில் வைத்திருக்கிறார், அது வாக்கியின் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கிறது. அவர் மெல்லுவது சைட்டில் இருந்த நாற்பது வாக்கியிலும் ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. கூடவே, வாய்க்குள்ளேயே முணுமுணுப்பாக எண்ணிக்கை. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு.

பதினோராவது தளத்தில் ஒரு கொத்தனார் சிரித்துக்கொண்டே சேர்ந்துகொண்டார். "பதிமூணு!" கம்பி கட்டுகிறவர்கள் "பதினாலு!" என்றார்கள். இருபதை எட்டும்போது லாரி டிரைவரும் கிளீனரும்கூடக் கத்திக்கொண்டிருந்தார்கள். இருபத்தைந்துக்கு அந்தக் கட்டடமே அதிர்ந்தது. மாமா விழுங்கினார். ஒரு சின்ன அமைதி. அடுத்த வாய். ஒண்ணு, ரெண்டு, மூணு. அண்டா ஏழு நிமிஷத்தில் தின்று தீர்த்ததற்குக்கூட இப்படி ஒரு ஆரவாரம் கிடைத்ததில்லை. என் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. கை இரண்டும் நீட்டியபடி இருந்ததால் துடைத்துக்கொள்ளவும் வழியில்லை.

மாமா டப்பாவைக் கொஞ்சம் நகர்த்தியிருப்பார், பட்டன் விட்டது, அந்த இடைவெளியில் வேறு ஒரு குரல் வாக்கியில் வந்தது. சைட்டின் இன்னொரு கிரேனை ஓட்டுபவர். ஆமா, இல்ல என்பதைத் தவிர அவர் பேசி யாரும் கேட்டதில்லை. "நானும் பத்து நிமிஷம் நிறுத்திக்கவா?" என்றார். "எனக்கெல்லாம் நிஜமாவே பசிக்குது. ஆறு வருஷமா பசிக்குது."

சேஃப்டி மேடத்துக்கு அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு இன்ஜினியரிடம் சொன்னார். "சார், இருபது நிமிஷத்துல உங்க கான்கிரீட் ஒண்ணும் ஆயிடாது. நான் இந்த வேலைக்கு வந்து பதினேழு வருஷம். 'எனக்கு இப்ப முடியாது, நிறுத்தறேன்'னு மேலேர்ந்து ஒரு ஆபரேட்டர் சொல்லி இன்னைக்குத்தான் கேக்கறேன். எல்லாரும் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டித்தான் விபத்து ஆகுது." ஃபாரத்தை லாரியின் பேனட்டில் வைத்து, தகுதி உண்டு என்ற கட்டத்தில் டிக் போட்டார். அடியில் இன்னொரு வரி எழுதினார்: இனிமேல் எல்லாக் கிரேன்களும் பத்தரைக்கு இருபது நிமிஷம் நிற்கும்.

பத்து ஐம்பதுக்கு நான் கையைக் கீழே இறக்கினேன். தோள் விட்டுப் போயிருந்தது. மூன்றாவது லாரியும் காலியானது, நாலாவதும் காலியானது.

பன்னிரண்டரைக்குச் சைரன் ஊதியதும் மாமா இறங்கி வந்தார். கொத்தனார்கள் தூக்கிக்கொண்டு ஆடாத குறைதான். வேர்வை இல்லை, படபடப்பு இல்லை, முகத்தில் பழைய திமிர் மட்டும் முழுசாக. கூட்டம் கொஞ்சம் விலகியபோது இன்ஜினியர் கிட்டே வந்தார். கோபமெல்லாம் இறங்கியிருந்தது. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்குப் பசி எடுக்காதுன்னு டாக்டர் ரிப்போர்ட்லயே இருக்கு. ரெண்டு மணி நேரம் தள்ளிப் போட்டிருந்தா எந்த வம்பும் இல்லாம பாஸாகி இருப்பீங்க. இந்த வேலைக்காக ஒன்றரை வருஷம் உயிரை விட்டீங்க. அதைப் போய் ஏன் பணயம் வெச்சீங்க?"

மாமா மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, முட்டையை எடுத்துப் பாதியாக்கினார். அவசரப்படவில்லை.

"சாப்பிடாம ஓட்டினா ஒருவேளை எனக்கு ஒண்ணும் ஆகாது சார். ஒருவேளை அரை வினாடி கண்ணு இருட்டும். பக்கெட் ரெண்டு டன்." என் பக்கம் தலையை ஆட்டினார். "அதுக்குக் கீழ நிக்கறவன் என் பொண்டாட்டியோட தம்பி."